கீழ் இடது மூலை

எங்கள் கட்டிடத்தில் யார் புது டிவி வாங்கினாலும் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன் மூன்றாம் மாடிக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் நானும் என் தையல் மிஷினும் என் வாயும் குடியிருக்கிறோம். எதிர்வாசல் புள்ளிக்காரருடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று உண்டு. மின்கட்டண ரசீதில் தவிர அதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

டிவி மெக்கானிக் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பழுது பார்ப்பது வேறு, ஒரு டிவியைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்வது வேறு. அதற்கு இவர் ஒருவர்தான். சட்டைப்பையில் ஒரு பென் டிரைவ் வைத்திருப்பார். அதை டிவியில் செருகினால் திரை முழுக்க வெள்ளையாகிவிடும். நட்டநடுவில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி நிற்கும். ஜன்னலில் கறுப்புப் படுதாவை இழுத்துவிட்டு, ஆறடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து, அந்தப் புள்ளியையே இரண்டு நிமிஷம் பார்ப்பார். கண் இம்மியும் நகராது. அந்தப் படுதாவைத் தைத்துக் கொடுத்தது நான்தான். இரட்டைத் துணி, ஊசிமுனை வெளிச்சம் உள்ளே வராது.

"மூலையைப் பாக்கணும்னா மூலையைப் பாக்கக் கூடாது டெய்லரம்மா" என்பார். "நேராப் பாத்தா கண்ணு இரக்கப்படும். கொஞ்சம் மங்கலா இருந்தாலும் சரி போகட்டும்னு பழகிக்கும். நடுவுல பாத்துக்கிட்டு ஓரக்கண்ணால வாங்கணும். அப்பத்தான் மூலை உள்ளதைச் சொல்லும்."

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் டிவியை ஓடவிடுவார். புறங்கையால் முதுகைத் தடவிச் சூடு பார்ப்பார். மூடியில் இருக்கும் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். கடைசியில் காகித டேப் ஒன்றைக் கிழித்து, தேதி போட்டு, இரண்டு வார்த்தை எழுதி, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்து டிவியின் பின்னால் ஒட்டுவார். 'பேனல் நல்லது' அல்லது 'பேனல் ஆகாது'. பேனல் என்றால் திரைப்பலகை. அவ்வளவுதான் தீர்ப்பு. அவருடைய புள்ளி இருக்கும் பழைய டிவிக்குச் சந்தையில் தனி மரியாதை. நான் இருபத்தெட்டு வருஷமாகத் தைக்கிறவள், அடுத்தவர் வேலையை லேசில் மெச்ச மாட்டேன். இவரை மெச்சினேன். அவர் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவள் பேக்கரியில் அடுப்புப் பக்கம் நிற்பவள். வீட்டுக்குள் வந்தாலே வெண்ணெயும் மாவும் மணக்கும்.

தங்கச்சிக்கு ஒரு தம்பி. கடைவீதியில் பெரிய எலக்ட்ரிக் சாமான் கடை ஒன்றில் டிவி பிரிவில் நிற்கிறான். எந்த நேரமும் சட்டைப்பையில் ஏதாவது ஒரு டிவியின் ரிமோட் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் அவன் ரிமோட். அவன் கடை முதலாளி விலை குறைந்த புது டிவி ஒன்றை வரவழைக்க யோசித்தார். கேள்விப்படாத கம்பெனி. நாற்பத்து மூன்று இஞ்ச், பேர்போன கம்பெனி விலையில் பாதி. ரிமோட் முந்திக்கொண்டு, எங்க மாமா சரின்னு சொன்னா தைரியமா இறக்கலாம் என்று சொல்லிவிட்டான். மாதிரிக்கு வந்த ஒரு டிவியைப் புள்ளிக்காரர் கடையிலேயே பிரித்துப் பார்த்தார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன், கடையில் ஏசி உண்டு.

"ஸ்பீக்கர் சுமார்தான்" என்றார் முதலாளியிடம். "மூடி பிளாஸ்டிக் மெல்லிசு, ஸ்க்ரூ ரெண்டு மிச்சம் பிடிச்சிருக்கான். பக்கவாட்டுல உக்காந்து பாத்தா கலர் வெளிறும். ஆனா எங்க மிச்சம் பிடிக்கக் கூடாதோ அங்க பிடிக்கல. பவர் போர்டு கனமா இருக்கு, கரண்டு ஏறி இறங்கினாலும் தாங்கும். உள்ள லைட்டுப் பட்டை மூணு வரிசை ஒழுங்கா ஓடுது. பேனல் நாலு மூலையும் சுத்தம். அஞ்சு வருஷத்துக்குப் பயமில்ல."

"நம்பி வாங்கலாமா?"

"குடுக்கிற விலைக்கு இது யோக்கியமான சாமான்."

அந்த ஒரு வார்த்தையில் அறுபது டிவி வந்து இறங்கியது. ரிமோட்டின் தற்காலிக வேலை, இதை விற்றுக் காட்டினால் நிரந்தரம் என்றானது. எங்கள் கட்டிடத்திலேயே ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. தங்கச்சி தன் வீட்டுக்கும் ஒன்று சொல்லிவைத்தாள்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை புள்ளிக்காரர் யாருடைய டிவியையோ நாலு மாடி தூக்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தவர், மண்டை இடிக்கிறது என்று படுத்தார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். தங்கச்சி டாக்டரிடம் கூப்பிட்டாள். வெறும் வயிற்றில் பாரம் தூக்கியது, வேறொன்றுமில்லை என்று வர மறுத்துவிட்டார். சாயங்காலம் எழுந்து டீ குடித்தார். தலைவலி போய்விட்டது என்றார். நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

நாலாம் நாள் அவர்கள் வீட்டுக்கு டிவி வந்தது. நான் போய் நிற்கும்போது படுதா இழுத்துவிடப்பட்டு, வெள்ளைத் திரைக்கு முன்னால் அவர் முக்காலியில் இருந்தார். இரண்டு நிமிஷம் ஐந்து நிமிஷமாயிற்று. எழுந்திருக்கவில்லை.

"கீழ் இடது மூலை செத்துக் கிடக்கு" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தங்கச்சியும், வெள்ளையாத்தானே இருக்கு என்றாள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். நியாயம்தானே, என் துணியில் நூல் பிசகினால் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ரிமோட் அன்றைக்கே வேறு டிவி கொண்டுவந்தான். அதிலும் கீழ் இடது மூலை. மூன்றாவது டிவியில் தவறே இருக்காது, முதலாளி தானே நின்று பொறுக்கி அனுப்பியது. அதிலும் அதே இடம், அதே அளவு. கம்பெனிக்கு அனுப்பும் புகார்ப் படிவத்தில் பழுது எங்கே என்று படம் வரையச் சொல்லி ஒரு கட்டம் இருக்கும். புள்ளிக்காரர் மூன்று படிவத்திலும் அந்தக் கட்டத்தில் கீழ் இடது மூலையைப் பேனாவால் நிரப்பினார். ஒன்றை ஒன்றின்மேல் வைத்தால் இம்மி பிசகாது.

"மாதிரிக்கு நல்லதைக் காட்டிட்டு மொத்தத்துல கழிசலைத் தள்ளியிருக்கான்" என்றார். "மூணுலயும் ஒரே எடம்னா அந்த வரிசையில லைட்டுப் பட்டையே கோளாறு. இப்ப மங்கல், ஆறு மாசத்துல முழுசா அணையும்."

இங்கேதான் என் வாயைச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே நான் என் பெயரை அடித்துவிட்டு வந்தேன். அதோடு விட்டேனா, துணி கொடுக்க வந்தவர், வாங்க வந்தவர், படியில் எதிரே வந்தவர் எல்லோரிடமும், புள்ளிக்காரரே ஆகாதுன்னுட்டார் என்று ஊதினேன். இரண்டே நாளில் மற்ற ஆறு பேரும் பெயரை எடுத்தார்கள். வாங்கிப்போனவர்கள் திருப்பிக் கொடுக்க வந்து நின்றார்கள். முதலாளி ரிமோட்டைக் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் உன் மாமாவைக் கூட்டிவந்து கடையில் வைத்து ஒரு முடிவு சொல்லச் சொல், ஆகாது என்றால் அறுபதையும் அனுப்பிவிட்டு உன்னையும் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை பேக்கரிக்கு விடுமுறை. தங்கச்சி தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நாலு நாளாக மாமனும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டின் முன் உட்காரவைத்தால் கரையும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. மழை நிற்காமல் பெய்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் கொடி கட்டி ஈரத்துணி தொங்கியது. நான் படுதாவைத் தைத்து எடுத்துப் போயிருந்தேன். புள்ளிக்காரர் அதன் இடதுபக்கக் கீழ் ஓரத்தை மிதித்துக் கிழித்து வைத்திருந்தார். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை.

"இருங்கக்கா, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள் தங்கச்சி. நான் இருந்தேன். சண்டை வந்தால் பார்க்கலாம் என்று இருந்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன்.

தரையில் பாய் விரித்து நாலு தட்டு. சோறு, முட்டை, கீரை, பீன்ஸ். மூன்றாவது டிவி சுவரோரம் மேஜைமேல் இருந்தது, இன்னும் திருப்பி அனுப்பவில்லை. யாரும் அதன் பக்கம் பார்க்கவில்லை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்று ரிமோட்தான் ஆரம்பித்தான். "வீட்டுல யாரு வெள்ளைத் திரையைப் போட்டுப் பாக்கறாங்க? படம் ஓடும்போது அந்த மூலையை எவன் கவனிக்கப் போறான்?"

"கவனிக்க மாட்டான். அதுக்குத்தான் என்னைக் கேக்கறான்."

"போன்ல போட்டோ எடுத்துக் காட்டினேன், அதுல மங்கலே இல்ல."

"போன் தானே வெளிச்சத்தைச் சரி பண்ணிக்கும். அதோட உன் போன்ல நான் பாக்கும்போது அதுலயும் மூலை மங்கலாத்தான் தெரிஞ்சுது. உனக்குத் தெரியல."

"எனக்கு வேலை போயிரும் மாமா."

"தெரியும்டா. உன் வேலைக்காக நான் ஒரு பொய்ப் புள்ளி வச்சா, அப்புறம் நான் வச்ச எந்தப் புள்ளிக்கு மதிப்பு? பாத்ததைச் சொல்றதுதான் என் பொழப்பு. வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

"நீங்க சரின்னு சொன்னதாலதானே முதலாளி அறுபது இறக்கினாரு? அன்னைக்கு நல்ல கண்ணு, இன்னைக்கு வேற கண்ணா?"

தங்கச்சி தம்பியை அதட்டினாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். புள்ளிக்காரர் கோபப்படவில்லை. தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினார். இடதுபக்கம் வைத்திருந்த டம்ளர் அவர் முழங்கை பட்டுச் சாய்ந்து பாயெல்லாம் தண்ணீர்.

"இது மூணாவது டம்ளர்" என்றாள் தங்கச்சி, துணியால் ஒற்றிக்கொண்டே. "நேத்து டீ, முந்தாநாள் எண்ணெய். வண்டியில இடதுபக்கம் பூரா கீறல். உங்களுக்கு என்ன யோசனை எந்நேரமும்?"

"இந்த யோசனைதான்" என்று டிவியைக் காட்டிவிட்டு எழுந்தார்.

"பீன்ஸ் பிடிக்கலயா?"

"பீன்ஸா? எங்க வச்சே?"

அவர் தட்டை நான் பார்த்தேன். முட்டை இல்லை, கீரை வழித்துச் சாப்பிடப்பட்டிருந்தது, சோறு முக்கால்வாசி காலி. தன் பக்கத்தில் இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சோறும் வைத்த பீன்ஸ் மொத்தமும் தொடாமல் அப்படியே இருந்தது. கத்தியால் வெட்டிப் பங்கு பிரித்த மாதிரி இருந்தது. தங்கச்சி ஈரத்துணியைக் கீழே வைத்தாள். தட்டை அரைவட்டம் திருப்பினாள்.

அவர் குனிந்து பார்த்தார்.

"இதை எப்ப வச்சே?"

தங்கச்சியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. அடுப்புப் பக்கம் நிற்கிறவள்.

"எங்க பேக்கரியில ரொட்டி ஒரு மூலையில கருகினா என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்றாள். "தட்டைத் திருப்பிப் போடுவோம். கருகல் தட்டோட சேந்து திரும்பி வந்தா தட்டுல கோளாறு. தட்டைத் திருப்பியும் அதே பக்கம் கருகினா அடுப்புல கோளாறு."

"அதுக்கு?"

"இந்த டிவியைத் தலைகீழாத் திருப்பிப் போடுங்க."

புள்ளிக்காரர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். முப்பது வருஷம் டிவியோடு மல்லுக்கட்டியவர், இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்திருப்பார். தோன்றாததற்குக் காரணம் எனக்கு இப்போது புரிகிறது. அவர் தன் சாமான்களையெல்லாம் சந்தேகப்பட்டார், ஒயரை, போர்டை, கம்பெனியை. முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆளைச் சந்தேகப்படவில்லை. நாங்களும்தான் படவில்லை.

ரிமோட்டும் அவரும் டிவியைத் தூக்கி, காலைக் கழற்றி, மேஜைமேல் தலையணை வைத்துத் தலைகீழாகச் சாய்த்தார்கள். நான் படுதாவை மாட்டி இழுத்துவிட்டேன். பட்டப்பகல் இருட்டாயிற்று. வெள்ளைத் திரை எரிந்தது. நடுவில் புள்ளி.

அவர் உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் டிவியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தோம்.

"பேனல்ல இருந்தா இப்ப மேல் வலது மூலைக்கு வந்திருக்கணும்" என்றார் மெதுவாக.

"வந்துச்சா?"

"வரல. கீழ் இடதுலயே நிக்குது."

இடது கையால் இடது கண்ணைப் பொத்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார். மறுபடி இடது. ஒரு ஒயரை மாற்றிப் பார்ப்பார், அடுத்த ஒயரை மாற்றிப் பார்ப்பார், எத்தனை வீட்டில் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். அதே நிதானம்.

"கண்ணு ஒண்ணுல இருந்தா, இன்னொண்ணால பாக்கும்போது போயிருக்கணும்" என்றார். "ரெண்டுலயும் இருக்கு, ஒரே எடத்துல, ஒரே அளவுல. ரெண்டு பேனலும் ஒரே மாதிரி கெடாது. பேனல் நல்லாத்தான் இருக்கு." தலையின் பின்பக்கத்தைத் தொட்டார். "போர்டுல இருக்கு."

தங்கச்சி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரிமோட் பாயிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் கேட்டது கிடைத்துவிட்டது, டிவி நல்ல டிவி. இப்படிக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டான். ஊரெல்லாம் ஊதிய வாய் அன்று முழுக்க ஒட்டிக்கொண்டது.

முதலில் பேசியவன் ரிமோட்தான். "மாமா, இது நம்ம நாலு பேரோட இருக்கட்டும். கம்பெனியில சாஃப்ட்வேர் மாத்திட்டாங்க, இப்ப சரியாயிடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. டிவியும் தப்பிக்கும், உங்க பேரும் தப்பிக்கும். எவனுக்கும் தெரியப் போறதில்ல."

அவர் டிவியை அணைத்தார். "படுதாவைத் திறங்க டெய்லரம்மா" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ரிமோட் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். பெயர் எழுதி, சீட்டு வாங்கி, நீளமான பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். தலையைப் படம் எடுத்தார்கள். பிறகு கண்ணுக்கு ஒரு சோதனை என்று இருட்டறைக்குள் கூப்பிட்டார்கள். ஒரு ஆள் துணைக்கு வரலாம் என்றார்கள். தங்கச்சி என்னைப் போகச் சொன்னாள், நான் போனேன்.

பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு வெள்ளை மிஷின். அதற்குள் முகத்தை வைக்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"நடுவுல ஒரு புள்ளி தெரியுதா ஐயா? அதையே பாத்துக்கிட்டிருங்க. ஓரத்துல அங்கங்க குட்டியா வெளிச்சம் வரும். வந்தா பட்டனை அமுக்குங்க. கண்ணை மட்டும் புள்ளியை விட்டு நகத்தக் கூடாது."

அவர் மிஷினிலிருந்து முகத்தை எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தைத்து மூட முடியவில்லை. பிறகு முகத்தை உள்ளே வைத்தார்.

"கண்ணு நகராதும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "எனக்குப் பழக்கம்தான்."

பட்டன் சத்தம் டக் டக்கென்று கேட்டது. நடுநடுவே நீளமாகச் சத்தமில்லாமல் போனது. அந்த நேரமெல்லாம் எங்கோ ஒரு வெளிச்சம் வந்து போய்க்கொண்டிருக்கிறது, அவர் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வலது கண்ணுக்கு ஒரு தாள், இடது கண்ணுக்கு ஒரு தாள் அச்சாகி வந்தது. இரண்டிலும் வட்டத்துக்குள் கீழ் இடது கால்பாகம் கறுப்பு. ரிமோட்டின் பையில் அந்தப் புகார்ப் படிவங்கள் இருந்தன. தங்கச்சி ஒன்றை வாங்கி மடியில் விரித்து, அதன் பக்கத்தில் இந்தத் தாளை வைத்தாள். வேறொன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

டாக்டர் பெண்மணி பொறுமையாகச் சொன்னார். "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. பின்மூளையில படம் சேர்ற எடத்துல ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. அன்னைக்கு வந்த தலைவலி அதுதான். அன்னைக்கே வந்திருக்கணும். இனிமே வேற எடத்துல வராம இருக்க மாத்திரை, ஒரு நாள் விடக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது."

"போன மூலை திரும்ப வருமா?"

"கொஞ்சம் வரலாம். முழுசா வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சரிங்க" என்றார் புள்ளிக்காரர். "உள்ளதைச் சொன்னீங்க, அது போதும்."

வழியெல்லாம் தங்கச்சி அவர் இடதுபக்கமாக ஒட்டியே நடந்தாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கடையில் டிவிகள் சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் எட்டுப் பத்துப் பேர், பெயரை எடுத்த எங்கள் கட்டிடத்துக்காரர்களும் மூன்று பேர். முதலாளி மேஜைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிமோட் கடைசித் தடவையாகக் காதோடு சொன்னான்: "மாமா, சாஃப்ட்வேர்னு சொல்லிடுங்க. கெஞ்சிக் கேக்கறேன், எனக்காக இல்ல."

புள்ளிக்காரர் அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

"நான் ரெண்டு தடவை தீர்ப்புச் சொன்னேன்" என்றார். "முதல் தடவை சொன்னது சரி. ரெண்டாவது சொன்னது தப்பு. டிவியில கோளாறு இல்ல. பத்துப் பன்னெண்டு நாளா எனக்குக் கீழ் இடது பக்கம் பார்வை போயிருக்கு, அது தெரியாம நான் டிவி மேல பழி போட்டேன். ஆஸ்பத்திரித் தாள் இருக்கு, யார் வேணா பாக்கலாம். எடுத்துட்டுப் போங்க. நம்பி ஓட்டுங்க."

முதலாளி எழுந்து நின்றார்.

"இதை இத்தனை பேர் முன்னாடி சொல்லணுமா? எங்கிட்டத் தனியாச் சொல்லியிருந்தா போதுமே. இனிமே உங்களை யாரு கூப்பிடுவாங்க?"

"கூப்பிடக் கூடாதுங்க. அதுக்குத்தான் இத்தனை பேர் முன்னாடி சொல்றேன்." பையிலிருந்து காகித டேப்பை எடுத்தார். "இந்தப் பன்னெண்டு நாள்ல நாலு பழைய டிவிக்கும் ஆகாதுன்னு எழுதி ஒட்டினேன். பழசு, மூலை மங்கியிருக்கும்னு நெனச்சேன். அதுல ஒண்ணை எடைக்குப் போட்டுட்டாங்க. மத்த மூணு வீட்டுக்கும் நேத்தே போய் டேப்பை உரிச்சுட்டேன். எடைக்குப் போட்டவங்களுக்கு என் பழைய டிவியைத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

அப்புறம் நானும் பேசினேன். ஊரெல்லாம் ஊதியது நான்தான், யாரும் ரிமோட்டைக் குறை சொல்ல வேண்டாம், என் பெயரை மறுபடி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். திருப்பிக் கொடுக்க வந்தவர்களில் இரண்டு பேர் மட்டும் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். ரிமோட்டின் வேலை தப்பியது. அவன் அன்று முழுக்கச் சட்டைப்பையில் ரிமோட் இல்லாமல் நின்றதை நான் கவனித்தேன்.

திங்கட்கிழமை என் வீட்டுக்கு டிவி வந்தது. ரிமோட் சுவரில் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். நான் எதிர்வாசலைத் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, புது டிவி வந்தால் தட்டித்தான் பழக்கம். கதவைத் திறந்த தங்கச்சி என்னைப் பார்த்துக் கண் கலங்கினாள். உள்ளே போய் அவரிடம் சொன்னாள்.

அவர் வந்தார். படுதாவையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு வந்தார். பென் டிரைவைச் செருகினார். படுதாவை நான் மாட்டினேன். அவர் முக்காலியை ஆறடி அளந்து போட்டு, அதில் உட்காராமல் பின்னால் நின்றார்.

"நீங்க உக்காருங்க டெய்லரம்மா. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"நடுவுல பாருங்க. புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. மூலைங்க தானா வரும்."

உட்கார்ந்தேன். சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். கண் ஓடப் பார்த்தது, இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். அவர் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மேல் வலது?"

"வெள்ளையா இருக்கு."

"மேல் இடது?"

"வெள்ளை."

"கீழ் வலது?"

"வெள்ளைங்க."

அடுத்ததைக் கேட்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"கீழ் இடது?"

"வெள்ளையாத்தான் இருக்கு."

டேப் கிழிக்கும் சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

"எவ்வளவு வெள்ளை?" என்று கேட்டார்.

இருபத்தெட்டு வருஷமாகத் துணியோடு இருக்கிறவள். பால்வெள்ளை, முட்டைவெள்ளை, நீலம்போட்ட வெள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன். அன்றைக்கு எனக்கு ஒரு சொல் அகப்படவில்லை. புள்ளி கலங்கி இரண்டாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், அவருக்காக ஒழுங்காகப் பார்த்தேன்.

"கட்டுப் பிரிக்காத புதுத் துணி மாதிரி" என்றேன். "ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி. எங்கயும் விட்டுப்போகல."

"அப்பச் சரி" என்றார்.

டேப்பைக் கிழித்து, தேதி போட்டு, 'பேனல் நல்லது' என்று எழுதினார். சிவப்புப் பேனாவை என் கையில் கொடுத்தார். பார்த்தவர்தான் புள்ளி வைக்க வேண்டும் என்றார். நான் வைத்தேன்.